மூச்சுக்கு ஒரு பற்றரி

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்த சுங்க அதிகாரி, சொக்லேற் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த மீட்டரைத் தூக்கிப் பிடித்தார். நண்டின் கொடுக்கைப் போல வாய் பிளக்கும் கருவி அது. வயரைச் சுற்றிக் கவ்வினால் அதில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும்.

"இது என்னத்துக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தம்பி ஒரு பஸ்ஸைக் கரவனாக மாற்றியிருக்கிறான், அதற்குப் பற்றரி பார்க்க வந்தேன் என்று எனக்கு மிச்சமிருந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் என் நரைத்த தலையையும் வீங்கியிருந்த கால்களையும் பார்த்தார். "பற்றரி பார்க்கவா லண்டனிலிருந்து வந்தீர்கள்?" என்றார். பயணம் முழுக்க எனக்கும் அதே கேள்விதான்.

நான் இருப்பது லண்டனில் அல்ல, அதற்கு வெகு வடக்கே, மழை விடாத ஒரு சின்ன ஊரில். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் கணவரும் ஒரு பழைய கரவன் வாங்கினோம். காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. மலையடிவாரத்தில் நிறுத்தினால் அவர் தேநீர்க் கோப்பையுடன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பற்றரி என் பொறுப்பு. ஈயப் பற்றரியைக் கழற்றிவிட்டு லித்தியம் போட்ட நாளிலிருந்து அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். என் பிள்ளைகள் நான் சொல்லும் எதையும் கேட்பதில்லை, பற்றரி விடயம் ஒன்றைத் தவிர.

தம்பி அன்டன் கொழும்புத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அவன் மனைவி பிலோமினாவுக்கு நுரையீரல் இறுகிப்போகும் வியாதி. மூக்கில் குழாய், பக்கத்தில் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். அது வீட்டு மின்சாரத்தில் ஓடுவதால் பிலோ கொட்டாஞ்சேனை வீட்டின் மாடியறையை விட்டு இறங்குவது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அவளை வடக்கே காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குக் கூட்டிப்போகவென்று அன்டன் ஒரு பழைய பஸ்ஸை வாங்கிக் கட்டில், மின்விசிறி, அடுப்பு, பற்றரியை வீட்டு மின்சாரமாக்கும் இன்வேர்ட்டர் எல்லாம் பூட்டிவிட்டான். மெஷின் நிற்காமல் ஓடுமென்றால் கொண்டுபோகலாம் என்று டொக்டர் சொன்னாராம். ஆகவே எல்லாம் பற்றரியில் வந்து நின்றது. "அக்கா, நீங்க வந்து பார்த்து ஓம் எண்டு சொன்னால்தான் எனக்கு நிம்மதி" என்று போனில் சொன்னான்.

அவர்கள் வீட்டில் எனக்குப் படுக்க இடமில்லை. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் அறை எடுத்தேன். ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் ரயில், அதற்கப்பால் கடல். மூன்றும் மாறி மாறிச் சத்தம் போட்டன. காலையில் கீழே இருந்த சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் யார் என்ன பேசக்கூடாது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இந்தக் கோடையிலும் என் கணவர் கம்பளிக் காலுறையோடுதான் நடப்பார். இங்கே சொதியின் சூட்டுக்கே முதுகு நனைந்தது.

கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் இறக்குவதாகச் சொல்லிவிட்டு மறந்தார். பிறகு நான் சத்தம் போட்டதும், இதென்ன பெரிய விடயம் என்பது போல, வீதியின் நடுவிலேயே இறக்கிவிட்டார். வெயிலில் திரும்பி நடந்தேன். கோயில் வாசலில் பூ விற்றவர்கள், மீன் வண்டி, ஹோர்ன் அடிக்கும் ஓட்டோக்கள் எல்லாவற்றையும் தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பியபோது, ஒழுங்கையில் பாதியை அடைத்துக்கொண்டு வெள்ளையும் நீலமுமாக அந்த பஸ் நின்றது.

"எப்பிடியக்கா? வீடு மாதிரி இருக்கு, என்ன?" அன்டனின் முகம் மின்னியது.

உண்மையில் அழகாகத்தான் செய்திருந்தான். ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை, கட்டிலின் தலைமாட்டில் மெஷினை வைக்க ஒரு தட்டு. ஆனால் கட்டிலுக்கு எதிரே கேஸ் அடுப்பு இருந்தது.

"இதை முதல்ல கழற்று" என்றேன். "ஒட்சிசன் ஓடுற இடத்தில நெருப்பு கூடாது. மெழுகுதிரியும் கூடாது."

"தேத்தண்ணி ஊத்தத்தானே அக்கா..."

"பிளாஸ்கில கொண்டு போ."

மனமில்லாமல் தலையாட்டினான். பற்றரியைக் காட்டச் சொன்னேன். கடைசி இருக்கைக்குக் கீழே, புகைக்குழாய்க்கு நேர்மேலே வைத்திருந்தான். எங்கள் ஊரில் லித்தியம் பற்றரிக்கு எதிரி குளிர். உறைபனியில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே கெட்டுப்போகும். கொழும்பில் அந்தக் கவலை இல்லை. ஆனால் சூடு, சத்தமில்லாமல் அதன் ஆயுளைத் தின்னும். தூக்கிப் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த விபரத்துக்கு அது இன்னும் கனமாக இருந்திருக்க வேண்டும்.

"எங்க வாங்கினது?"

"நுகேகொடையில. லித்தியம்தான் அக்கா. எழுதியிருக்கே."

பிலோவின் மெஷின் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று மாடியில் போய் அளந்தேன். பிறகு அதே அளவு எடுக்கும்படி பழைய குண்டு பல்புகளைச் சேர்த்து பஸ்ஸுக்குள் தொங்கவிட்டோம். பற்றரி சொன்னபடி இருந்தால் அவை பின்னேரம் வரை எரிய வேண்டும். பிலோ மேலிருந்து போன் எடுத்து, "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்கோ" என்று சொன்னபோது பஸ் இருண்டுவிட்டிருந்தது. அன்டன் பல்புகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். பல்பில் பிழையில்லை.

மறுநாள் நுகேகொடை. சந்தைச் சனத்துக்குள் பற்றரியைத் தூக்கிக்கொண்டு அன்டன் முன்னால் நடக்க, பாதுகாப்புக்கு வந்தவள் போல நான் பின்னால் போனேன். கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. திறந்து காட்டுங்கள் என்றதும் திறந்தார். உள்ளே இருந்தவை பழைய மின்சாரக் கார்களிலிருந்து கழற்றிய கட்டைகள். ஒன்றுக்கொன்று வயதும் நிறமும் பொருந்தவில்லை. இரண்டு வயிறு வீங்கியிருந்தன.

"கடைக்கு லைட் போட, விசிறி போட என்றுதான் இதை விற்கிறேன் அக்கே" என்று சிங்களத்தில் சொன்னார். "ஒரு ஆளின் மூச்சை இதில் கட்டப்போகிறார் என்று இவர் சொல்லவில்லையே."

நான் அன்டனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சந்தைப் பக்கம் பார்த்தான். கடைக்காரர் பற்றரியைத் திருப்பி எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பிளேன்டீ வரவழைத்தார். இஞ்சி அதிகம் போட்டிருந்தது. அன்று முழுக்க எனக்குக் கிடைத்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் மழை பிடித்தது. ஓட்டோ ஒரு வெள்ளத்துக்குள் இறங்கி நின்றுவிட்டது. சாரதி மலையகத்துத் தமிழர். இறங்கித் தள்ளுவதற்கு முன், நாங்கள் கதைத்ததைக் கேட்டிருந்தவர் தன் போனைப் பின்னால் நீட்டினார்.

"அம்மா, பேட்டரி உப்பிக்கிட்டு வருது. என்னா காரணம்?"

"எங்க வச்சுச் சார்ஜ் போடுறீங்க?"

"இந்தா, முன்னால, கண்ணாடிக்கிட்ட. வாங்குன நாளிலருந்து அங்கதான்."

"வெயில் படாத இடத்தில வச்சுப் போடுங்க. இதை இனிப் பாவிக்காதீங்க, பற்றரியை மாத்துங்க."

"இத்தன வருசம் வெயில்லதாம்மா இருந்துச்சு" என்றார், தப்பு வெயிலில் இல்லை என்பது போல. பிறகு அவரும் அன்டனும் தள்ள, முழங்கால் வரை நனைந்த நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெள்ளவத்தை அறைக்குப் போனதும் சேலையைப் பிழிந்து போட்டுவிட்டு, சாப்பிடாமலேயே படுத்தேன்.

அடுத்த நாள் புதிதாக வாங்கினோம். புறக்கோட்டைப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கியதில் கால் மரத்துப்போனது. லித்தியத்திலேயே இரும்பு பொஸ்பேற் வகைதான் வேண்டும், அது மற்றதைவிடச் சூட்டைத் தாங்கும், இலகுவில் தீப்பிடிக்காது என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னேன். அளவுக்கு மீறி ஏறினாலும் இறங்கினாலும் தானே துண்டித்துக்கொள்ளும் காவல் பலகை உள்ளே இருக்க வேண்டும். இரண்டு பற்றரிகளும் ஒரே கொம்பனி, ஒரே வயதாக இருக்க வேண்டும். ஒரு கடையில் அன்டனைப் பார்த்து, "மேடம் இன்ஜினியரா?" என்று கேட்டார்கள். "அக்கா" என்றான் அவன், அதுவே போதுமான பதவி என்பது போல.

பூட்டி முடிக்க மேலும் இரண்டு நாள் போனது. பஸ்ஸின் இஞ்சினிலிருந்து நேரே லித்தியத்துக்கு வயர் இழுத்தால் அது அள்ளி இழுத்து இஞ்சினின் மின்னாக்கியை எரித்துவிடும். இடையில் அளந்து கொடுக்கும் சார்ஜர் ஒன்றை வைத்தோம். பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ். இடத்தைச் சாரதி இருக்கைக்குப் பின்னால், காற்று வரும்படி மாற்றினோம். பஸ் நிழலில் நிற்கட்டும், சும்மா நிற்கும் வாரங்களில் முழுதாக ஏற்றி வைக்காதே, பாதியளவில் விடு, அடிமட்டம் வரை இறக்காதே, மாதம் ஒருமுறையாவது எல்லா இணைப்பையும் இறுக்கிப் பார், பற்றரி எவ்வளவு நல்லதானாலும் ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று கட்டாயம் கூட வர வேண்டும். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அலுத்தது. அன்டன் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டான், சின்ன வயதில் ஞானோபதேசம் பாடமாக்கியது போல.

மறுபடி பல்புகளைத் தொங்கவிட்டோம். மதியம் தாண்டியும் எரிந்தன. பல்புச் சூட்டில் பஸ்ஸுக்குள் நிற்க முடியவில்லை. அன்டன் ஒழுங்கையில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு இன்னும் கொஞ்சம் வயர் வாங்க வெளியே போனான். நான் மாடிக்கு ஏறி, பிலோவின் கட்டிலுக்கு எதிரே கதிரையில் சாய்ந்து காலை நீட்டினேன்.

"எரியுதா மச்சாள்?" என்று கேட்டாள்.

"எரியுது. பின்னேரம் தாண்டியும் எரியும்."

மெஷின் இழுத்து இழுத்து ஊதியது.

"ஒண்டு கேட்டா செய்வீங்களா? பற்றரி சரியில்லை எண்டு அவரிட்டச் சொல்லுறீங்களா?"

களைப்பில் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "நல்லா ஓடுது பிலோ."

"அது தெரியும். அதாலதான் கேக்கிறன்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "டொக்டர் மெஷினைப் பற்றிக் கதைக்கிறார். இவர் பஸ்ஸைப் பற்றி. நீங்க பற்றரியைப் பற்றி. எனக்குப் போக ஏலுமா எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அவ்வளவு தூரம், அந்தச் சனத்துக்குள்ள... எனக்கு ஏதும் நடந்தால் இவர் தனிய என்ன செய்வார்? அதை நினைக்கத்தான் பயம்."

"நீயே அவனிட்டச் சொல்லன்."

"எப்பிடிச் சொல்லுறது? அந்தத் திரைத்துணியைக்கூட ரெண்டு தரம் மாத்தினவர், எனக்குப் பிடிச்ச நிறம் இல்லையெண்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. வந்த நாளிலிருந்து அவளுடைய மெஷினைத்தான் அளந்திருக்கிறேன். பொய் சொல்வது பெரிய காரியமில்லை. நான் சொன்னால் அன்டன் நம்புவான். ஆனால் அவனை எனக்குத் தெரியும்.

"நான் சரியில்லை எண்டால் அவன் வேற வாங்குவான். அதுவும் சரியில்லை எண்டால் அதைவிடப் பெரிசு வாங்குவான். ஒழுங்கை முழுக்கப் பற்றரிதான் நிக்கும்."

பிலோ சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க நேரமெடுத்தது. அவள் முதுகைத் தடவினேன்.

"பொய் சொல்ல மாட்டன்" என்றேன். "நீ சொல்லு. சொல்லேக்க நான் பக்கத்தில இருப்பன்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வெள்ளோட்டம். மடுவுக்கு முன் ஒருமுறை கிட்ட எங்காவது போய்ப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். அன்டனும் பக்கத்து வீட்டுக்காரரும் பிலோவைக் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். நான் பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸுக்குள் மெஷினைப் பற்றரியில் போட்டதும் அது ஒரு தடவை விக்கிவிட்டு, வீட்டில் ஓடுவது போலவே ஓடத் தொடங்கியது. அன்டன் சிலுவை போட்டுக்கொண்டு இஞ்சினை முடுக்கினான்.

வெள்ளவத்தைக் கடலோர வீதியில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்து நிறுத்தினோம். பிலோ திரையை முழுதாக விலக்கச் சொன்னாள். அன்டன் கடதாசியில் சுற்றிய உளுந்துவடை வாங்கி வந்தான். அவள் ஒன்றைப் பாதி சாப்பிட்டாள். வழக்கமாக அவள் சாப்பிடுவதோடு பார்த்தால் அது விருந்து. ஒரு ரயில் போனது. மிதிபலகையில் தொங்கியவர்கள் எங்கள் பூத்திரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். பிலோவும் அசைத்தாள்.

அப்போது ஒரு பெண் சந்தைப் பைகளோடு விறுவிறுவென்று பஸ்ஸுக்குள் ஏறினாள். "மொரட்டுவைக்குப் போகுமா?" என்று சிங்களத்தில் கேட்டவள், கட்டிலையும் குழாயோடு இருந்த பிலோவையும் கண்டு திகைத்து நின்றாள்.

"இல்லை அக்கே" என்று பிலோ சிங்களத்திலேயே பதில் சொன்னாள். "இந்த பஸ் எங்கேயும் போகாது."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்க, நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்டன்தான் முதலில் நிறுத்தினான்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ? மடுவுக்குப் போகுது எண்டு சொல்லியிருக்கலாமே."

பிலோ என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இஞ்சருங்கோ, நான் மடுவுக்கு வரேல்ல."

"ஏன்? பற்றரி இன்னும் அரைவாசிக்கு மேல கிடக்கு. இந்தா, பார்." சுவரில் பூட்டியிருந்த சின்னத் திரையைத் தட்டிக் காட்டினான்.

"பற்றரி இருக்கு. எனக்குத்தான் ஏலாது. பயமா இருக்கு."

"பயம் எண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே."

"நீங்க கேக்கேல்லையே."

அன்டன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க சொல்லுங்கோ. ஓடும்தானே?"

"ஓடும்" என்றேன். "பற்றரியில ஒரு குறையும் இல்லை. ஆனா போறது அவள்."

அவன் சாரதி இருக்கையில் போய் உட்கார்ந்தான். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான். "நீ ஐசியூவில கிடக்கேக்க நான் மாதாவுக்கு வாக்குக் குடுத்தனான். பிழைச்சால் உன்னைக் கொண்டு வந்து காட்டுறன் எண்டு."

எனக்கும் அது அன்றுதான் தெரியும். பிலோ நெடுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"மாதாவுக்கு நான் இருக்கிற இடம் தெரியாதா?" என்றாள் மெல்ல.

அவன் கதவைத் திறந்து இறங்கி, தண்டவாளத்தின் ஓரத்தில் போய்க் கடலைப் பார்த்து நின்றான். கூப்பிடலாமா என்று எழுந்தேன். பிலோ வேண்டாம் என்று கை காட்டினாள். இருந்தேன். இன்னொரு ரயில் போய் முடிந்தபின் பார்த்தால், அன்னாசி வண்டிக்காரனிடம் நின்று, உப்பும் மிளகாய்த்தூளும் குறைத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தான். துண்டுகளைக் கொண்டுவந்து பிலோவின் மடியில் வைத்தான். கண் சிவந்திருந்தது.

"அப்ப நான் மட்டும் போய் வரட்டா?"

"போங்கோ. என்ர பேரிலயும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ."

"பஸ் வேண்டாம். நான் சனத்தோட சனமாப் போறன். இது இஞ்ச நிக்கட்டும். கரண்ட் போனால் மேல வயர் இழுக்கலாம்தானே அக்கா?"

இழுக்கலாம் என்றேன். எவ்வளவு தடிப்பான வயர், எந்த ஜன்னலால் என்று அவன் உடனே கேட்கத் தொடங்கினான். வீடு திரும்பும் வரை அதையே கதைத்தோம்.

நான் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டேன். கணவரிடம் சொன்னபோது அங்கே ஆடுகள் சுகம் என்றார். அன்டன் ஒரு சின்னப் பையோடு மடுவுக்குப் புறப்பட, நான் வெள்ளவத்தை அறையைக் காலி செய்துவிட்டு, பிலோவின் அறையில் தரையில் பாய் விரித்தேன். ஒரு தரம் கரண்ட் போனது. ஜன்னலால் வந்த வயரில் மெஷின் பாட்டுக்கு ஓடியது. கீழே சமையலறையில் நான் பொரித்துக் கொண்டுவந்த மீனுக்கு பிலோ கட்டிலிலிருந்தே பாடம் எடுத்தாள். மிளகாய்த்தூள் போதாது, எண்ணெய் சூடாகவில்லை, திருப்பின நேரம் பிழை. இங்கிலாந்துக்குப் போனவர்களுக்கு நாக்குச் செத்துவிடும் என்றாள். நான் மறுக்கவில்லை.

திருவிழாவன்று அன்டன் போன் எடுத்தான். பின்னால் பாட்டும் சனமும் மணியும் கலந்து இரைந்தன.

"மாதாவின்ர சுருவம் வெளியில வருது" என்று கத்தினான். "போனைத் தூக்கிப் பிடிக்கிறன், அவளிட்டக் குடுங்கோ."

சத்தத்தைக் கூட்டி பிலோவின் தலையணையில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசையப் பாட்டோடு கூடப் பாடினாள். மூச்சு எட்டாத அடிகளை விட்டுவிட்டு அடுத்த அடியில் சேர்ந்துகொண்டாள். பாட்டு மாறியது. செபம் தொடங்கியது. பார்த்தால் உறங்கிவிட்டிருந்தாள்.

போனை எடுத்து மெல்லச் சொன்னேன், "கேட்டுக்கொண்டே நித்திரையாப் போனாள்."

அந்தப் பக்கம் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டவளா?"

"ஓம். மீனும் சோறும்."

"அப்ப போனை வைக்காதீங்கோ அக்கா" என்றான். "அப்பிடியே கிடக்கட்டும்."

போனைத் திரும்பவும் அவள் காதோரம் வைத்துவிட்டு, பாயில் காலை நீட்டிச் சுவரோடு சாய்ந்தேன்.